வீரனின் காலடி நிலம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய அரோரா பிளாஸ்டிக்ஸ் என்னும் நிறுவனம், 1960களின் முற்பாதியில் சூப்பர்மேனின் உருவத்தைப் பொருத்தி வண்ணம் தீட்டத்தக்க பிளாஸ்டிக் மாதிரியுருவாக வெளியிட்டது. செங்கற்சுவர் ஒன்றை உடைத்துக்கொண்டு வீரன் வெளிப்படும் நிலையில் அவ்வுரு அமைந்துள்ளது. காண்பார்க்கு அவன் யாவன் என்பது நொடிப்பொழுதில் விளங்கும். அச்சுவர் யாருடையது, அதன் அப்புறத்தே இருந்தவர் யாவர், அஃது இடிக்கப்பட்டது எதன்பொருட்டு என்னும் மூன்றும் விளங்கா. அரோரா நிறுவனம் 1977இல் மறைந்தது, வார்ப்பச்சுகள் கைமாறின, அவ்வுரு பிற்காலத்தில் வேறு நிறுவனத்தாரால் மீண்டும் வெளியிடப்பட்டது. வீரனும் அறுபது ஆண்டுகளாக அந்தச் சுவரை உடைத்துக்கொண்டே நிற்கின்றான். காரணந்தான் இன்னும் கிடைக்கவில்லை.

கடையில் விற்கும் விளையாட்டுப் பொருளொன்றைத் திறனாய்வுக்கு உரியதாகக் கொள்ளுதல் தகுமோ எனத் தமிழாசிரியர் சிலர் வினவக்கூடும். ஆக்குவோன் ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளும் இடமெல்லாம் மதிப்பீட்டுக்கு உரிய இடமே. இங்கு உருவத்தை வடித்தவன் நிறுவனத்தின் சிற்பி. முகத்தின் அமைப்பும் உடலின் முறுக்கும் அவனுடைய ஆக்கங்கள். பெட்டியை வாங்கி வந்து பொருத்துவோனுக்கு அவற்றில் உரிமை குறைவு. ஆயின் வண்ணமும், உருவம் நிற்கும் தளமும் அவனுடையவை. பழங்கதை ஒன்றை எடுத்து நாடகம் எழுதும் ஆசிரியனுக்குத் தலைவன் முன்னரே வகுக்கப்பட்டவன். அவனை எந்த வீதியில், எந்தப் பொழுதில், யார் முன்னே நிறுத்துவது என்பதே ஆசிரியனின் ஆற்றலைக் காட்டுவது. மாதிரியுருக் கலைஞனின் நிலையும் அத்தகையதே. ஆகவே, பெட்டியோடு வரும் தளத்தை விலக்கிவிட்டுத் தானே ஒரு தளத்தைச் சமைப்பவன் என்ன செய்கின்றான், எங்கே தவறுகின்றான் என ஆராய்வது வீண் முயற்சியன்று.

இத்தகைய தளக்காட்சியை டயோராமா என்பர். இச்சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தவர் பிற்காலத்தில் ஒளிப்படக் கலையின் முன்னோடியாகப் புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர் தாகேர். அவரும் பூத்தோன் என்னும் ஓவியரும் 1822இல் பாரிசில் ஓர் அரங்கை அமைத்து, பெருந்துணியில் தீட்டிய காட்சியின்மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சிப் பொழுது மாறும் தோற்றத்தைக் காட்டினர். பின்னர் அச்சொல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களுக்குள் நுழைந்தது. பாடம் செய்த விலங்கை வெறும் பலகைமேல் நிறுத்தாது, அதன் காடு, அதன் புல், அதன் நீர்நிலை ஆகியவற்றோடு நிறுத்தும் முறைக்கு அது பெயராயிற்று. நியூயார்க் அருங்காட்சியகத்தில் 1936இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க விலங்குக் கூடம் இம்முறையின் பெருஞ்சான்று. கொரில்லா ஆங்கே தன் நிலத்தோடு நிற்கின்றது. நிலத்தினின்றும் பிரித்தெடுத்த உயிர் பாதி உயிரே என்னும் கருத்து அதன் அடியில் உள்ளது.

இக்கருத்து தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்த பாகுபாட்டைக் கற்றவர், மாந்தரின் ஒழுக்கத்தை நிலமும் பொழுதும் தாங்குகின்றன என்பதையும், மரமும் பறவையும் வெறும் அலங்காரம் அல்ல என்பதையும் அறிவர். அமெரிக்கச் சிறுவர்க்காக வார்த்த பிளாஸ்டிக் உருவுக்குத் தொல்காப்பியர் இலக்கணம் கூறினார் என்று சொல்வது நகைப்புக்கு இடமாகும். எனினும் அந்த அளவுகோல் கையில் இருக்கும்போது அதனை எடுத்து அளந்து பார்ப்பதில் தவறில்லை. அரோரா வெளியிட்ட மூன்று உருக்களை அதன்படி நோக்கலாம். பேட்மேன் ஒரு முறுக்குண்ட மரத்தின் அருகே நிற்கின்றான். மரத்தில் ஆந்தை அமர்ந்துள்ளது. கதை எதுவும் நிகழவில்லை; ஆயினும் இரவு அங்கு வந்துவிட்டது. மரமும் புள்ளும் பொழுதை உணர்த்த, அவனுடைய இயல்பு தானே வெளிப்படுகின்றது. 1966இல் வந்த ஸ்பைடர்மேன் உருவில், வீழ்ந்து கிடக்கும் வேட்டைக்காரன் கிரேவனும் உடனிருக்கின்றான். அங்குப் பகையும் போரும் முடிவும் உள்ளன, உரிப்பொருள் தெளிவு. சூப்பர்மேனுக்கோ சுவர் மட்டுமே. அது நிலமுமன்று, பொழுதுமன்று. வலிமையை அளந்து காட்டும் ஒரு கருவி. மூன்றனுள் புகழ் மிக்க வீரனுக்கே களம் வறிதாக அமைந்தது வியப்புக்குரியது.

அந்நிறுவனமும் இக்குறையை ஓரளவு உணர்ந்திருக்க வேண்டும். 1974 முதல் தன் பழைய அதிவீரர் உருக்களைக் 'காமிக்ஸ் காட்சிகள்' என்னும் வரிசையாக மீண்டும் வெளியிட்டபோது, ஒவ்வொன்றோடும் சிறு படக்கதை ஏடு ஒன்றைச் சேர்த்தது. உருவம் சொல்லாததை ஏடு சொல்லிற்று. காட்சி தானே பேச இயலாதபோது உரையாசிரியரை அழைத்துவரும் வழி அது.

ஏறத்தாழ அதே காலத்தில் இக்கலையைப் புதிய நிலைக்கு உயர்த்தியவர் ஷெப்பர்டு பெய்ன் என்னும் அமெரிக்கர். மோனோகிராம் நிறுவனத்தின் போர்க்கருவி மாதிரிகளோடு அவர் சமைத்த தளக்காட்சிகளின் படங்களும் செய்முறைக் குறிப்புகளும் அடங்கிய தாள்கள் 1970களில் வெளிவந்தன. தளக்காட்சி அமைப்புப் பற்றிய அவருடைய நூல் 1980இல் வெளியாயிற்று. தொட்டியையும் வானூர்தியையும் அளவு பிசகாமல் பொருத்துவதே திறமை எனக் கருதியிருந்தோர்க்கு, காட்சி ஒரு கதையைச் சொல்ல வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார். பொருள்களைத் தளத்தின் விளிம்புக்கு இணையாக அடுக்காமல் சற்றே சாய்த்து வைத்தால் காட்சி உயிர்பெறும் என்னும் எளிய உண்மையைப் பலர் அவரிடமிருந்தே கற்றனர். ஆயின் போர்க்காட்சி அமைப்போனுக்கு வரலாறு துணைநிற்கின்றது. எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தப் பனிக்காலம் என்பதை ஒளிப்படங்கள் கூறிவிடும். அதிவீரனுக்குத் தளம் சமைப்போனுக்கு அத்துணை இல்லை. அவன் வரலாற்றையும் தானே ஆக்கிக்கொள்ள வேண்டியவன். இவ்வேறுபாட்டை உணராது, போர்க்காட்சிகளிலிருந்து இடிபாடுகளை மட்டும் கடன் வாங்கியதே பின்வந்த அதிவீரர் தளங்கள் பலவற்றின் குறை.

இடிபாடு பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். இன்று காணப்படும் தளங்களில் பெரும்பாலானவை நொறுங்கிய கட்டடக் குவியல்கள். நுரைப்பலகையை வெட்டிச் சுவராக்குவர். கார்க் தகட்டைப் பிய்த்துக் காங்கிரீட்டுத் துண்டாக்குவர். மெல்லிய கம்பியை வளைத்துக் காங்கிரீட்டினுள் இருக்கும் இரும்புக் கம்பியாக்குவர். பிளாஸ்டரை வார்த்துச் செங்கல் அறுப்பர். கைத்திறனுக்குக் குறைவில்லை. எனினும் குவியலை நெருங்கி நோக்கின், அஃது எங்கிருந்து விழுந்தது என்பது தெரிவதில்லை. வீரன் சுவரைத் துளைத்து முன்னோக்கி வந்தான் எனின், கற்கள் அவனுக்கு முன்னே சிதறியிருத்தல் வேண்டும். பின்னே சிலவே கிடக்கும். துளையின் மேற்பகுதியில் பிடிப்பிழந்த கற்கள் தொங்கி நிற்கும். விழுந்தவற்றுள் சில ஒன்றோடொன்று சாந்து விடாமல் கொத்தாகக் கிடக்கும். சாந்தின் தூள் அவன் காலணியிலும் மேலாடையின் கீழ்விளிம்பிலும் படிந்திருக்கும். இவற்றையெல்லாம் எண்ணாது, கைப்பிடி கற்களை எடுத்து நாற்புறமும் சமமாகத் தூவிவிடுவோரே மிகுதி. கோலப்பொடி தூவுவதுபோலத் தூவிய இடிபாட்டில் விசையும் இல்லை, நிகழ்ச்சியும் இல்லை. காரணமின்றி நிகழ்ச்சிகளை அடுக்கும் சிறுகதையை மாணவன் எழுதிக் கொணர்ந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிடுவார். அக்கோடு இங்கும் தேவைப்படுகின்றது.

அளவும் கதையைக் கட்டுப்படுத்துகின்றது. இத்தகைய உருக்கள் பல எட்டில் ஒரு பங்கு அளவினவாக அமைவன. ஆறடி மனிதன் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் உயரம் பெறுகின்றான்; ஏழடிக் கதவு ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் ஆகின்றது; எட்டங்குலச் செங்கல் ஓரங்குலமாகின்றது. மேசைமேல் வைக்கத்தக்க தளத்தில் ஒரு தெருவைக் காட்டுதல் இயலாது. ஒரு வாயிற்படி, ஒரு விளக்குக் கம்பத்தின் அடி, ஒரு கூரையின் மூலை, இவ்வளவே இடங்கொள்ளும். இதனைத் தடையெனக் கருதி வருந்துவோர் உளர். உண்மையில் இதுவே கலைஞனுக்கு வாய்த்த பேறு. முழு நகரத்தையும் காட்ட முற்படுவோன் எதனையும் காட்டான். ஒரு மூலையைத் தேர்ந்தெடுப்போன், எந்த மூலை என்று எண்ணியாக வேண்டும். நாவலாசிரியனுக்குக் கிட்டாத சிக்கனத்தைச் சிறுகதை ஆசிரியனுக்கு இடநெருக்கடி கற்பித்து விடுகின்றதன்றோ?

உருவமும் தளமும் இணையும் இடம் பாதம். இங்கே நேரும் பிழை சிறிதாயினும் காட்சி முழுவதையும் பொய்யாக்கிவிடும். காலணிக்கும் தரைக்கும் இடையே ஒரு தாளின் கனத்திற்கு இடைவெளி இருந்தாலும் உருவம் தன் எடையை இழந்து, வைக்கப்பட்ட பொம்மையாகத் தோன்றும். தேர்ந்த கைவினைஞர் தளத்தின் பசை உலருமுன் பாதத்தை அழுத்திச் சுவடு பதிப்பர். அல்லது தூளைப் பாதத்தின் ஓரங்களில் ஒதுக்கி இடைவெளியை மூடுவர். பறக்கும் நிலையில் உள்ள உருவுக்கு இடர் வேறு வகையினது. கண்ணாடிபோன்ற கோலில் நிறுத்தினால் கோலே முதலில் கண்ணிற்படும். மேலாடையின் நுனியைக் கட்டட முகப்பின் ஒரு விளிம்பைத் தொடவைத்து, அத்தொடுமுனைக்குள் கம்பியை மறைத்து உருவைத் தாங்கச் செய்யும் முறை இதனினும் சிறந்தது. அங்கு ஆடை அழகுக்கும் பயன்படுகின்றது, பாரத்தையும் சுமக்கின்றது.

வண்ணத்தைப் பற்றிய பூசல் இக்கலைஞரிடையே ஓயாதது. அதிவீரரின் ஆடைக்கு அமைந்த பளிச்சிடும் சிவப்பும் நீலமும் மஞ்சளும் தற்செயலானவை அல்ல. 1930களில் மலிவான தாளில், நான்கு மைகளைக் கொண்டு புள்ளி புள்ளியாக அச்சிட்ட படக்கதைகளில் தெளிவாகத் தோன்றக்கூடியவை அந்நிறங்களே. அச்சகத்தின் வறுமை வீரனின் அணிகலனாயிற்று என்பது பொருந்தும். பெட்டியில் கண்ட நிறத்தை அப்படியே தீட்டுவோர் ஒருசாரார். அவர்கள் ஆக்கம் பளபளக்கும், பொம்மைத்தன்மை நீங்காது. மெய்ம்மை வேண்டும் எனக் கருதி எல்லா நிறத்தையும் அழுக்கேற்றி மங்கச் செய்வோர் மற்றொரு சாரார். அவர்கள் ஆக்கத்தில் வீரன் சுரங்கத்திலிருந்து மீண்ட தொழிலாளியைப்போல் காட்சியளிப்பான். தொழிலாளிக்கு இழிவில்லை, ஆயின் அந்த ஆடை அவனுடையதன்று.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி நிழலையும் ஒளியையும் எவ்வாறு ஆக்குவது என்பதில் அடங்கியுள்ளது. நீல ஆடையின் மடிப்பில் கருநிறத்தைப் பூசினால் அங்கு அழுக்கு தோன்றும். ஊதா கலந்த ஆழ்நீலத்தைப் பூசினால் நிழல் தோன்றும். சிவப்பின் மேடான இடங்களில் வெள்ளையைக் கலந்தால் அது ரோசா நிறமாகி வீரத்தைக் கெடுக்கும். செம்மஞ்சளைக் கலந்தாலோ வெயில் படும். மஞ்சளின் நிழலுக்குத் தவிட்டு நிறமே தகும். நீர்த்த வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிடுவதும், வண்ணம் துடைத்த உலர்ந்த தூரிகையால் மேடுகளை மெல்ல உரசுவதும் தொடக்க நிலையிலேயே கற்கத்தக்கன. இவற்றினும் முதன்மையானது தளத்தின் ஒளி எதுவென முடிவு செய்தல். விளக்குக் கம்பத்தின் அடியில் நிற்பவனுக்கு மேலிருந்து மஞ்சள் ஒளி விழும். எரியும் வீட்டின்முன் நிற்பவனுக்குக் கீழிருந்து செம்மை ஏறும். தளத்தை ஒரு நாளும் உருவத்தை வேறொரு நாளுமாகத் தனித்தனியே தீட்டி இறுதியில் ஒட்டிவைப்போரின் ஆக்கங்களில், வீரன் நண்பகலிலும் நகரம் நள்ளிரவிலும் இருப்பதைக் காணலாம். தளத்தில் படிந்த புழுதியின் நிறத்தைச் சிறிதளவேனும் உருவத்தின்மேல் ஏற்றினாலொழிய இரண்டும் ஓருலகினவாகா.

கண்கள் இறுதியில் தீட்டப்படுவன. எட்டில் ஒரு பங்கு அளவில் கருவிழியின் குறுக்களவு ஒன்றரை மில்லிமீட்டர். விழிவெண்மையைத் தூய வெள்ளையால் நிரப்பினாலும், கருவிழி முழுவட்டமாகத் தெரியும்படி தீட்டினாலும் முகம் திடுக்கிட்டது போலாகிவிடும். மேலிமை கருவிழியைச் சற்று மறைத்தல் வேண்டும். இவை கைப்பழக்கத்தால் வரும். கைப்பழக்கத்தால் மட்டும் வாராத ஒன்று உண்டு: அவன் எதனைப் பார்க்கின்றான் என்பது. பெரும்பாலான உருக்கள் காண்போரை நோக்கியோ வெற்றிடத்தை நோக்கியோ விழித்து நிற்கின்றன. தளத்தில் உள்ள ஒரு பொருளின்மேல் பார்வை சென்று படியுமாறு உருவைத் திருப்பிவைத்த உடனே காட்சி மாறுகின்றது. வலிமையைக் காட்டி நின்றவன் ஏதோ ஒன்றைக் கண்டுவிட்டவனாகின்றான். கண்டது எது என அறியும் விழைவு காண்போரையும் பற்றிக்கொள்ளும்.

அவன் காணத்தக்கது எது என்னும் வினா, தொடக்கத்தில் கண்ட செங்கற்சுவரிடமே இட்டுச்செல்கின்றது. சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ சஸ்டரும் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் கிளீவ்லாந்து நகரில் வாழ்ந்த இளைஞர்கள். 1938 ஜூன் எனத் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டையில் வீரன் ஒரு மோட்டார் வண்டியைத் தலைக்குமேல் தூக்கி மோதி உடைக்கின்றான். மனிதர் அஞ்சி ஓடுகின்றனர். ஒருவன் தலையைப் பற்றிக்கொண்டு அலறுகின்றான். கதையை அறியாதான் அவ்வட்டையைக் காணின், வண்டியைத் தூக்கியவனையே கொடியவன் எனக் கருதுவான். இதழைப் பிரித்துப் படித்தால்தான் அவ்வண்டியில் வந்தோர் ஒரு பெண்ணைக் கவர்ந்து சென்றவர் என்பது புலனாகும். இவ்வட்டையை முப்பரிமாண உருவாக வடித்தோர் பலர். அவர்கள் வண்டியின் விளக்கையும் சக்கரத்தையும் வழுவின்றிச் செய்தனர். ஆயினும் அப்பெண் அட்டையிலும் இல்லை. அதன்வழி வந்த உருக்களிலும் அவளைக் காண்பது அரிது.

1939 ஜனவரி இதழாகிய எட்டாம் இதழ் இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. அதில் வீரன் இடிப்பது பகைவனின் கோட்டையை அன்று. ஏழைகள் வாழும் சேரிக் குடியிருப்பை. சிறுவர் திருடராவதற்கு அவர்கள் வாழும் இழிந்த வீடுகளே காரணம் என அவன் எண்ணுகின்றான். புயலால் அழிந்த ஊருக்கு அரசு புது வீடு கட்டித் தருவதைச் செய்தித்தாளில் காண்கின்றான். மக்களைத் தம் உடைமைகளோடு வெளியேறச் செய்துவிட்டு, அவ்வீடுகளைத் தன் கைகளால் தகர்க்கின்றான். அவ்விடத்தில் புதிய குடியிருப்புகள் எழுகின்றன. இது சரியான அரசியலா என வாதிடலாம். வீடிழந்தோர் அதுவரை எங்குத் தங்கினர் என்று கதை சொல்லாததையும் சுட்டலாம். எனினும் உடைக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் அங்கு ஒரு காரணம் உண்டு. சுவருக்கு அப்பால் இன்னார் வாழ்ந்தார் என்பது தெரியும். பிளாஸ்டிக் சுவருக்கு இல்லாதது அதுவே.

பிற்காலத்தில் படக்கதையைத் திரைப்படம் விஞ்சியபோது இடிபாடு பெருகிற்று. 2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தின் இறுதியில் நகரமே சரிகின்றது. வானில் போர் புரிவோரைக் கேமரா தொடர்ந்து செல்கின்றது. கட்டடங்களுள் இருந்தோரைப் பற்றி அதற்குப் போதிய கவலையில்லை. அப்போதே இதனைப் பலர் குறை கூறினர். 2016இல் வந்த அடுத்த படம் அதே அழிவைத் தரையிலிருந்து காட்டித் தொடங்கிற்று. புழுதிக்குள் ஓடும் புரூஸ் வேய்ன், விட்டத்தின் அடியில் கால் சிக்கிய பணியாளன், தனித்து நிற்கும் சிறுமி ஆகியோரை அங்குக் காணலாம். அடுத்த படத்தில் வேறு குறைகள் நிரம்ப உண்டு. அத்தொடக்கக் காட்சியளவில் அது முந்திய படத்திற்கு எழுதப்பட்ட சிறந்த திறனாய்வு. நிகழ்ச்சி ஒன்றே. காமிராவைத் தரைக்கு இறக்கியதும் பொருள் மாறிற்று. தளம் சமைப்போன் கையில் உள்ள வாய்ப்பும் இதுவே. அவன் செய்வது தரையைத்தானே?

இதற்கு மாற்றுரை ஒன்று உண்டு. அது முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. எட்டில் ஒரு பங்கு அளவில் அதிவீரரும் அரக்கரும் பெட்டியில் கிடைப்பர். கூடைக்காரியும் பள்ளிச் சிறுவனும் எளிதில் கிடையார். அவர்களைப் பசைமண்ணால் தானே வடிக்கத் தெரிந்தவர் சிலரே. அரைகுறையாக வடித்த மனிதன் அருகில் நின்றால் நன்கு வார்த்த வீரனும் கெடுவான். எனவே மக்களைத் தவிர்த்து இடிபாட்டோடு நிறுத்திக்கொள்கின்றோம் என்பர் கைவினைஞர். மாந்தரை வடிக்க இயலாது என்பதை ஏற்கலாம். மாந்தரின் இருப்பைக் காட்ட இயலாது என்பதை ஏற்பதற்கில்லை. இடிந்த சுவரின் உட்புறத்தில் பழுப்பேறிய சுவர்த்தாளும் அதில் ஒரு படம் தொங்கிய இடத்தின் வெளிர்ச்சதுரமும் இருக்கலாம். கம்பியில் உலரும் ஒரு சட்டை, படியில் ஒற்றைக் காலணி, கைப்பிடி நசுங்கிய பால்கலம் முதலியவற்றைத் தகட்டாலும் தாளாலும் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். அகப்பாட்டில் தலைவியின் துயரைச் சொல்லாமல் சுனையையும் குருகையும் மட்டும் சொல்லி உணர்த்தும் உள்ளுறையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இம்முறையை விளக்க வேண்டுவதில்லை. வீரனின் பார்வை அந்த ஒற்றைக் காலணியின்மேல் விழட்டும். சுவர் ஏன் உடைந்தது என்று பிறகு யாரும் கேளார்.

மிகைக்கும் இங்கு எல்லை வேண்டும். கதை சொல்லும் ஆர்வத்தில் காலணி, பொம்மை, உடைந்த கண்ணாடி, செய்தித்தாள், பூனை என அனைத்தையும் ஒரே தளத்தில் திணிப்போரும் உளர். கண்ணீரை வலிந்து வருவிக்கும் மேடை நாடகம்போல் அஃது ஆகிவிடும். அந்த ஒற்றைக் காலணியின் அருகே பொம்மையையும் வைத்துவிட்டால் காலணி வெறும் குப்பையாகின்றது. பேட்மேனின் மரத்தில் ஓர் ஆந்தையே இருந்தது என்பதை நினைவிற்கொள்ளுதல் நலம்.

பள்ளிகளில் கைவினைக் கண்காட்சி நடத்தும் ஆசிரியர்க்கு இது தொடர்பாக ஒன்று கூறலாம். மாணவர் செய்துவரும் மாதிரியுருக்களுக்கு மதிப்பெண் இடும்போது, ஒட்டிய கோடு தெரியாமை, பட்டி பூசி உப்புத்தாளால் தேய்த்த நேர்த்தி, வண்ணம் வழியாமை ஆகியவற்றுக்கே நடுவர் பெரும்பகுதியை ஒதுக்குகின்றனர். இவை வேண்டியவையே, எழுத்துப்பிழை இன்மை கட்டுரைக்கு வேண்டுவது போல. ஆயின் பிழையற்ற கட்டுரை அனைத்தும் நல்ல கட்டுரை ஆவதில்லை. வண்ணம் சிறிது வழிந்திருந்தாலும், இந்த இடத்தில் ஏன் இவனை நிறுத்தினாய் என்று கேட்டால் விடை சொல்லத் தெரிந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனின் தளம், பளபளப்பான மற்றொன்றைவிட நெடுநேரம் நின்று பார்க்கத்தக்கது. அவ்விடையைத் தமிழில் அரைப்பக்கம் எழுதி உடன்வைக்கச் சொல்வது மொழிப்பாடத்திற்கும் பயன்தரும். அரோராவின் சிறு ஏட்டைப் போலன்றி, இங்கு உரை காட்சியின் குறையை மறைக்க வாராது. காட்சியை எண்ணிப் பார்க்க வைக்கும்.

இறுதியாகப் பெயர்ப்பலகை. தளத்தின் முன்விளிம்பில் வீரனின் பெயரைப் பொறித்த தகடு ஒன்றைப் பதித்தல் நெடுநாள் வழக்கம். மார்பில் எழுத்தைத் தாங்கி, சிவந்த மேலாடை பறக்க நிற்பவனுக்குக் கீழே சூப்பர்மேன் என்று எழுதுவதால் யார் என்ன அறியப்போகின்றனர்? எட்டாம் இதழின் சேரியைத் தளமாகச் சமைக்கத் துணியும் கைவினைஞர் எவரேனும் இருப்பின், அத்தகட்டில் இடிந்த வீட்டின் கதவெண்ணை மட்டும் பொறித்து, உதிர்ந்த சாந்துத்தூளால் பாதியை மூடி வைக்கலாம்.